பவுனுக்கு எந்த மொழி தெரியும்?

அக்காவின் விசில் பித்தளையில் செய்தது. மற்ற பி.டி. டீச்சர்களெல்லாம் பிளாஸ்டிக் விசிலுக்கு மாறி, கீச்சுக் கீச்சென்று குருவி மாதிரி ஊதிக்கொண்டிருந்த காலத்திலும் அக்கா அந்தப் பித்தளை விசிலைத்தான் கறுப்புக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டியிருப்பாள். அவள் ஊதினால் மைதானத்தில் ஓடுகிற பிள்ளைகள் நிற்பது இருக்கட்டும், மதிலுக்கு அந்தப் பக்கம் சைக்கிளில் போகிறவரும் காலை ஊன்றி நின்றுவிடுவார் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிச் சிரிப்பார்கள். நான் அதை நம்பியதில்லை. ஒருநாள் எங்கள் தெருவில் யாரோ பையன் மாங்காய் திருடுவதைப் பார்த்து அக்கா ஜன்னல் வழியாக ஊதினாள். பையன் தப்பி ஓடிவிட்டான். கோலமாவு விற்றுக்கொண்டு போன பெரியவர்தான் கூடையை இறக்கி வைத்துவிட்டு விறைப்பாக நின்றார். அன்றைக்கு நம்பினேன்.

அப்பேர்ப்பட்டவள் ஓய்வு பெற்றதும் ஊதுவதற்கு ஆள் இல்லாமல் போய்விட்டது. அதனால் என்னை ஊதினாள். என் கணவர் போன பிறகு நான் அக்காவோடு வந்து சேர்ந்துவிட்டேன். கிழக்குத் தாம்பரத்தில் ஒரு வீட்டின் கீழ்ப்பகுதியில் நாங்கள் இருவர், மாடியில் வீட்டுக்காரர். அக்கா கல்யாணமே பண்ணிக்கொள்ளாதவள். எனக்குக் கிண்டியில் இன்சூரன்ஸ் ஆபீஸில் வேலை. காலையில் மின்சார ரயிலைப் பிடிக்க ஓடினால் சாயங்காலம்தான் திரும்புவேன். அதுவரைக்கும் பேச ஆளில்லாமல் வீட்டில் உட்கார்ந்திருப்பவள், நான் செருப்பைக் கழற்றுவதற்குள் ஆரம்பித்துவிடுவாள். டிபன் பாக்ஸை ஏன் கழுவவில்லை, குடையை ஏன் அங்கே வைத்தாய், நிமிர்ந்து நட, கூன் விழுகிறது பார். ஐம்பது வயது தாண்டிய என்னை யாராவது நிமிர்ந்து நட என்று சொன்னால் எனக்கு எப்படி இருக்கும்? இவளுக்கு ஏதாவது ஒரு வேலையைக் கொடு ஆண்டவரே என்று நான் மனசார ஜெபம் பண்ணியது உண்டு. ஜெபத்தை இப்படிக் கேட்பார் என்று தெரிந்திருந்தால் இன்னும் கொஞ்சம் விவரமாகச் சொல்லியிருப்பேன்.

எங்கள் சபையில் பாடற்குழுவில் ஒரு பெண் இருந்தாள். ஐ.டி. கம்பெனியில் வேலை. லீவு நாளென்றால் மற்றப் பெண்கள் துணிக்கடைக்குப் போவார்கள், இவள் வண்டலூரிலிருந்து கேளம்பாக்கம் போகிற சாலையில் உள்ளடங்கியிருக்கும் ஒரு நாய்க் காப்பகத்துக்குப் போய்விடுவாள். மழைக்காலத்தில் நாய்களுக்குப் போட பழைய பெட்ஷீட், துண்டு ஏதாவது இருந்தால் கொடுங்கள் என்று ஆராதனை முடிந்ததும் வாசலில் நின்று எல்லோரையும் கேட்டாள். அக்கா பீரோவையே காலி பண்ணி ஒரு ஆட்டோ நிறைய ஏற்றினாள். ஆபீஸுக்குக் கிளம்பும்போது நான் மறந்தும்கூடச் சொல்லாமல் விடவில்லை. "பெட்ஷீட்டக் குடுத்துட்டு வா. அங்கேர்ந்து எதையும் தூக்கிட்டு வராத" என்று தெளிவாகச் சொல்லிவிட்டுத்தான் போனேன்.

சாயங்காலம் வந்து பார்த்தால் வாசலில் அதே ஆட்டோ. பின் சீட்டில் அக்கா மகாராணி மாதிரி உட்கார்ந்திருக்கிறாள். அவள் காலடியில் பழுப்பு நிறத்தில் ஒரு நாய். மூக்கைச் சுற்றி முழுக்க நரை. கழுத்தைச் சுற்றி வளையமாக முடியில்லாமல் தோல் பளபளத்தது. ஆட்டோக்காரர் என்னைப் பார்த்ததும் சந்தோஷமாகச் சொன்னார்: "இன்னா நாய்க்கா இது! வர்ற வழி பூரா கம்முனு குந்திகினு வந்துச்சு. லாரிக்காரன் பக்கத்துல வந்து ஆரன் அடிக்கிறான், திரும்பிக்கூடப் பாக்கல. நல்லா வளத்துகிறாங்க."

வளர்த்த லட்சணத்தைப் பிறகு அந்தப் பாடற்குழுப் பெண் போனில் சொன்னாள். தனி வீடு ஒன்றில் வாடகைக்கு இருந்தவர்கள் காலி பண்ணிக்கொண்டு போகும்போது இதைக் கார் ஷெட்டில் கட்டிப் போட்டபடி விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். பக்கத்து வீட்டார் மதில் மேலிருந்து ஏதோ தூக்கிப் போட்டதில் உயிர் பிழைத்தது. கழுத்துப் பட்டை சதைக்குள்ளேயே இறங்கியிருந்ததாம். புண் ஆறி, உடம்பு தேறி, காப்பகத்தில் மாதக்கணக்கில் கிடந்தும் யாரும் கேட்கவில்லை. குட்டியென்றால் வந்த அன்றைக்கே போய்விடும், வயசான நாயை யார் கூட்டிப்போவார்கள்? அக்காவிடம் இதை நான் எடுத்துச் சொல்லப் போனபோது, "நானும் ரிட்டையர் ஆனவதாண்டி. என்னை யாரு கேட்டா?" என்று ஒரே போடாகப் போட்டுவிட்டாள். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. அன்று இரண்டு பேரும் எதிரும் புதிருமாக உட்கார்ந்து பேசாமல் இட்லி சாப்பிட்டோம். நாய் நடுவில் உட்கார்ந்து இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தது. நிறத்தைப் பார்த்து அக்கா அதற்குப் பவுனு என்று பேர் வைத்தாள். நாங்கள் யோசித்த மற்றப் பேரெல்லாம் சபையில் ஏற்கெனவே யாராவது ஒரு ஆன்ட்டிக்கு இருந்தது. அதனால் இதுதான் வம்பில்லாத பேர்.

பேர் வைத்தோமே தவிர, கூப்பிட்டால் வராது. "பவுனு" என்றால் திரும்பாது. "வா" என்றால் வராது. "உக்காரு" என்றால் நிற்கும். மைதானத்தையே நிறுத்திய அக்காவின் குரலுக்கு அது அசையவில்லை. அக்காவுக்கு இது பெரிய மானப் பிரச்சினை. அப்போதுதான் அந்தப் பெண் பேச்சுவாக்கில், "அந்த வீட்ல இருந்தவங்க வெளி ஸ்டேட்டுன்னு சொன்னாங்க ஆன்ட்டி" என்றாள். அக்கா போனை வைத்துவிட்டுக் கையைத் தட்டினாள். "அதானே பாத்தேன்! அதுக்குத் தமிழ் தெரியலடி!"

எங்கள் தெருவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஏர் ஃபோர்ஸ், ரயில்வே, ஆஸ்பத்திரி என்று ஊர் ஊராக வந்து குடியேறினவர்கள். ஒருவருக்கொருவர் பாதி புரிந்தும் பாதி புரியாமலும் பழகுகிறவர்கள். ஒருத்தர் சொன்னது இன்னொருத்தருக்குப் புரியவில்லையென்றால் பாஷைதான் தகராறு என்று எடுத்துக்கொள்வோம். ஆகவே பவுனு விஷயத்திலும் தெருவே திரண்டது. முதலில் பக்கத்து வீட்டுத் தெலுங்கு ஆன்ட்டி வந்து, புடவையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, "ரா ரா, இக்கட ரா" என்று கொஞ்சினார். பவுனு மரியாதையாகப் பார்த்தது. எதிர் வீட்டு ஏர் ஃபோர்ஸ் சார் பரேடு மாதிரி நின்று "இதர் ஆவோ! பைட்டோ!" என்றார். கொட்டாவி விட்டது. மூலை வீட்டில் ஒரு மலையாள நர்ஸ் இருந்தார். டியூட்டி முடிந்து வீட்டில் மீன் வறுத்துக்கொண்டிருந்தவரை அக்கா அப்படியே கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். அவர் வாசலில் நின்று, "வா மோளே, இவிடே வா" என்று கையை நீட்டியதுதான் தாமதம், பவுனு எழுந்து வாலை ஆட்டிக்கொண்டு போய் அவர் கையை நக்கியது. தெருவே கைதட்டியது.

அதற்கப்புறம் கொஞ்ச நாள் எங்கள் வீட்டில் மலையாளம்தான். அக்கா நர்ஸிடம் கேட்டுக் கேட்டு மனப்பாடம் பண்ணினாள். "இரிக்கூ, பவுனு. இரிக்கூ." நானும் ஆபீஸிலிருந்து களைத்து வந்து, "எந்தா பவுனு, சுகந்தன்னே?" என்று கேட்டுவிட்டுத்தான் காபி குடிக்க வேண்டும். பவுனு அசையவில்லை. எங்கள் உச்சரிப்புதான் சரியில்லை என்று நினைத்தோம். நர்ஸை மறுபடி அழைத்து வந்தபோது அவர் நேராக ஆஸ்பத்திரியிலிருந்து டெட்டால் வாசனையோடு வந்தார். எவ்வளவோ கூப்பிட்டும் பவுனு திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மீன்தான் மலையாளம் பேசியிருக்கிறது என்று அப்போதும் எங்களுக்கு உறைக்கவில்லை. கன்னடம் தெரிந்தவர் யாராவது இருக்கிறார்களா என்று அக்கா விசாரிக்க ஆரம்பித்தாள்.

உண்மை தெரிந்தது கேரல் ரவுண்ட்ஸ் அன்றைக்கு. டிசம்பர் வந்தால் சபை வாலிபர்கள் டிரம்மும் கிதாருமாக வீடு வீடாகப் பாடிக்கொண்டு வருவார்கள். மற்ற தெருக்களுக்கு எப்போது போவார்களோ, வயதானவர்கள் அதிகம் என்பதால் எங்கள் தெருவுக்குச் சாயங்காலமே வந்துவிடுவார்கள். கூடவே கிறிஸ்மஸ் தாத்தா ஆடிக்கொண்டு வருவார். வருஷா வருஷம் அது எங்கள் மாடி வீட்டுக்காரர்தான். மற்றவர்கள் அந்த வேஷம் போட வயிற்றில் தலையணை கட்ட வேண்டும். அவருக்கு ஆண்டவர் அந்தச் சிரமத்தை வைக்கவில்லை. அன்று அத்தனை பேரும் எங்கள் முன்னறையில் நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள். தெருமுனை நாய்களெல்லாம் தொண்டை கிழியக் குரைக்கின்றன. டிரம் அடியில் ஷோகேஸ் கண்ணாடி அதிர்கிறது. நான் அச்சுமுறுக்குத் தட்டோடு நிற்கிறேன். பவுனு ஜன்னலோரம் கிடந்த மெத்தையில் காலை நீட்டித் தூங்கிக்கொண்டிருந்தது.

அக்கா பாடிக்கொண்டிருந்தவள் பாதியில் நிறுத்தினாள். நாயைப் பார்த்தாள், டிரம்மைப் பார்த்தாள். மறுபடி நாயைப் பார்த்தாள். மெதுவாகப் போய் ஆணியில் தொங்கிய விசிலை எடுத்து, பவுனுக்குப் பின்பக்கம் நின்று, மூச்சை இழுத்து ஒரு ஊது ஊதினாள். பாட்டு நின்றது. கிதார் நின்றது. கிறிஸ்மஸ் தாத்தா ஒரு காலைத் தூக்கியபடி நின்றார். தெருநாய்கள்கூட வாயை மூடிக்கொண்டன. பவுனின் காது நுனி ஆடவில்லை. "இதுக்குக் காது கேக்காதுடி" என்றாள் அக்கா. அவள் குரல் அவ்வளவு சின்னதாக வந்து நான் கேட்டதே இல்லை.

அத்தோடு நின்றிருந்தால் பரவாயில்லை. வீட்டுக்காரர் இளகின மனசுக்காரர். "ஐயோ பாவமே" என்று சொல்லிக்கொண்டே, தடவிக் கொடுப்பதற்காகக் கையைத் தூக்கிக்கொண்டு குனிந்தார். தொட்டதும் பவுனு கண்ணை விழித்தது. சிவப்பு அங்கி, பஞ்சுத் தாடி, முகமூடி, தலைக்கு மேலே ஓங்கின ஒரு பெரிய வெள்ளைக் கை. பாவம், அது என்ன செய்யும்? கடித்துவிட்டது. அடுத்த நொடி திவானுக்கு அடியில் புகுந்து, பயத்தில் அங்கேயே மூத்திரம் போய்விட்டது. வெள்ளைக் கையுறையில் ரத்தம் பரவியது. வாலிபர்கள் கிறிஸ்மஸ் தாத்தாவை பைக்கில் நடுவில் உட்கார வைத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள். பவுனுக்குத் தடுப்பூசி எல்லாம் போட்டிருந்தது. ஆனாலும் அவர் ஊசி போட்டுக்கொள்ளத்தான் வேண்டியிருந்தது.

இரண்டொரு நாள் கழித்து, கையில் கட்டோடு இறங்கி வந்தார். கோபமாகப் பேசவில்லை. பேசியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். "டீச்சர், உங்க மேல எனக்கு எவ்ளோ மரியாதைன்னு உங்களுக்கே தெரியும். ஆனா பொங்கல் லீவுக்கு என் பொண்ணு குழந்தைங்களோட வர்றா. சின்னது இப்பத்தான் தவழுது. அதுக்குள்ள நாயை எங்கயாவது விட்டுடுங்க. முடியாதுன்னா தயவுசெஞ்சு வேற வீடு பாத்துக்குங்க" என்றார். அவர் சொன்னதில் தப்பே இல்லை. நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா, "சரி சார், வேற வீடு பாத்துக்குறோம்" என்று சொல்லிவிட்டாள்.

எனக்குத் தலை சுற்றிவிட்டது. நடந்து போகிற தூரத்தில் சபை, ஷேர் ஆட்டோ ஏறினால் ஸ்டேஷன், ஆத்திர அவசரத்துக்கு மாடியில் ஒரு மனுஷன். இந்த வயதில் மூட்டை முடிச்சோடு எங்கே போவது? "என்னை ஒரு வார்த்தை கேட்டியா நீ? ஒரு நாய்க்காக வீட்டை விடுவாங்களா யாராவது?" என்று கத்தினேன். அக்கா கத்தவில்லை. "உனக்குப் போறதுக்கு இடம் இருக்குடி. பெங்களூர்ல உன் பையன் வீடு இருக்கு. அதுக்கு எங்க இருக்கு?" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. பெங்களூருக்குப் போ என்று என்னைச் சொல்கிறாளா என்று அழுகையாக வந்தது. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு படுத்துவிட்டேன்.

மறுநாள் கால்நடை மருத்துவரிடம் நானும் போனேன், கோபத்தோடுதான். அவர் டார்ச் அடித்துப் பார்த்தார். இரண்டு காதிலும் சீழ் பிடித்து, யாரும் கவனிக்காமல் விட்டு, உள்ளே எல்லாம் கெட்டு ஆறிப்போயிருந்தது. "இனிமே கேக்காது மேடம். ஆனா கவலைப்படாதீங்க, கையால சொன்னா நல்லாப் புரிஞ்சுக்கும்" என்று சொல்லி, 'வா' என்பதற்கு இப்படிக் காட்டுங்கள் என்று கையை உயர்த்திக் காட்டினார். பவுனு அந்தக் கையைப் பார்த்ததும் அப்படியே தரையோடு தரையாகப் படுத்துக் கண்ணை இறுக மூடிக்கொண்டது. உடம்பு நடுங்கியது. ஓடவில்லை, உறுமவில்லை. அடி விழட்டும் என்று காத்திருந்தது. மருத்துவர் சட்டென்று கையை இறக்கிவிட்டு, "நல்லா அடிச்சிருக்காங்க" என்றார். அக்கா கையை உயர்த்திக் கூப்பிட்டபோதெல்லாம் அது பம்மியதைப் பிடிவாதம் என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். காது போய்விட்டது. கை ஒன்றுதான் பாக்கி, கையென்றால் அதற்கு அடி. எனக்கு அப்போதே கோபமெல்லாம் வடிந்துவிட்டது. இதைத் திரும்பக் கொண்டுபோய் விடுவது நம்மால் ஆகாது என்று புரிந்தது. திரும்பும் வழியில் ஆட்டோவில் பவுனின் தலை என் மடியில்தான் இருந்தது.

இரண்டு பேருமாக வீடு தேடினோம். சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், சிட்லபாக்கம் என்று ஒரு தெரு விடவில்லை. வெஜ்ஜா நான்-வெஜ்ஜா என்று கேட்பார்கள், எந்த சர்ச் என்று கேட்பார்கள், ஆம்பளை யாரும் இல்லையா என்று கேட்பார்கள். எல்லாம் தாண்டிக் கடைசியில் நாய் என்றதும், "அப்புறம் போன் பண்றோம் மேடம்" என்பார்கள். ஒரு அம்மாள் மட்டும் நாய் பரவாயில்லை, ஆனால் மீன் சமைக்கக்கூடாது என்றார். பவுனுக்குத் தெரிந்த ஒரே பாஷையும் போய்விடுமே என்று வந்துவிட்டோம். பொங்கல் நெருங்கிக்கொண்டே இருந்தது.

வீட்டில் இன்னொரு பக்கம் பாடம் நடந்தது. அக்காவின் கை காலமெல்லாம் தலைக்கு மேலேயே இருந்த கை. கூப்பிட, நிறுத்த, திட்ட எல்லாவற்றுக்கும் அது மேலேதான் போகும். அந்தக் கையை இறக்குவதற்கு அவள் பட்ட பாடு கொஞ்சமில்லை. முட்டி தேய்ந்துபோனவள், முனகிக்கொண்டே வராந்தாத் தரையில் உட்காருவாள். உள்ளங்கையை மேல்பக்கமாகத் திருப்பித் தரையில் வைத்து, அதில் வேகவைத்த கோழி ஈரல் ஒரு துண்டு வைப்பாள். வைத்துவிட்டு வேறு எங்கோ பார்த்தபடி இருப்பாள். முதலில் தூரத்திலிருந்து கழுத்தை நீட்டி மோந்துவிட்டுப் போய்விடும். பிறகு எடுத்துக்கொண்டு ஓடும். ஒருநாள் ஓடாமல் அங்கேயே நின்று தின்றது. தரையை உள்ளங்கையால் தட்டினால் வா. விரல்களை மடக்கினால் உட்கார். கட்டை விரலைத் தூக்கினால் சபாஷ். தூங்கும்போது தொடாமல் எழுப்ப, கொஞ்சம் தள்ளி நின்று காலால் தரையை மிதிக்க வேண்டும். அதிர்வில் எழுந்துவிடும். லெஃப்ட் ரைட் போட்டுப் பழகின கால் அதற்காவது உதவியது.

வீட்டுக்குள் யாரும் தோளுக்கு மேலே கையைத் தூக்கக்கூடாது என்று சட்டம் வந்தது. துணி காயப்போட, பரணிலிருந்து புளி டப்பா எடுக்க, ஏன், நான் கொண்டை போட்டுக்கொள்ளக்கூட பாத்ரூமுக்குள் போய்த்தான் போட்டுக்கொள்ள வேண்டும். பெண்கள் ஐக்கிய ஜெபக்கூட்டம் எங்கள் வீட்டில் நடந்தது. உருக்கமான கட்டத்தில் ஆன்ட்டிமார்களெல்லாம் கண்ணை மூடிக் கையை உயர்த்தினார்கள். பவுனு தெறித்து ஓடி அடுப்படிக்குள் ஒளிந்தது. அக்கா ஜெபத்தின் நடுவிலேயே, "எல்லாரும் கையை இறக்குங்க! இறக்கியே ஜெபம் பண்ணுங்க. ஆண்டவருக்குக் காது நல்லாக் கேக்கும்!" என்று ஒரு அதட்டு அதட்டினாள். எல்லாக் கைகளும் ஒரே சமயத்தில் மடிக்கு வந்தன. ஜெபம் செய்துகொண்டிருந்த அம்மாள் அவசரமாக ஆமென் சொல்லி முடித்துவிட்டார்.

பொங்கலுக்குச் சில நாள் முன்பு, சாயங்காலம், வீட்டுக்காரர் படியிறங்கி வந்தார். வீடு கிடைத்ததா என்று கேட்கத்தான் வந்திருப்பார். வராந்தாவில் எங்கள் இருவரையும் தரையில் பார்த்துவிட்டு, "டெய்லி மேலேர்ந்து பாக்குறேன். பூ கட்டுறீங்களோன்னு நினைச்சேன்" என்றார். பவுனு அவரைக் கண்டதும் வராந்தா ஓரத்துக் கட்டிலுக்கடியில் போய்விட்டது. அக்கா, "உக்காருங்க சார்" என்றாள். அவர் நாற்காலியைத் தேடினார். "நாற்காலி இல்ல. தரையில உக்காருங்க." "என்ன டீச்சர், என்னைய ஸ்கூல் பிள்ளை மாதிரி" என்று இழுத்தார். அக்கா அவரைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு உட்காராதவர் தாம்பரத்தில் இல்லை. சுவரைப் பிடித்து, கதவைப் பிடித்து, அம்மா அப்பா என்று சொல்லி ஒருவழியாக உட்கார்ந்தார். கடிபட்ட கையைத்தான் தரையில் வைக்கச் சொன்னாள். வைத்தார். ஈரலை வைத்தாள். காத்திருந்தோம். பவுனு வரவேயில்லை. கட்டிலுக்கடியில் இரண்டு கண்கள் மட்டும் தெரிந்தன. இருட்ட ஆரம்பித்தது. என் மனசு விட்டுப்போயிற்று.

"சரி டீச்சர், கால் மரத்துப்போச்சு" என்று எழப் பார்த்தார். முடியவில்லை. இன்னொரு தடவை முயன்றார். ம்ஹும். "தூக்கி விடுங்க" என்றார். அக்கா ஒரு கையையும் நான் ஒரு கையையும் பிடித்து இழுத்தோம். பாதி எழுந்தவர் வழுக்கி, எங்கள் இருவரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு, மூன்று பேரும் ஒருவர்மேல் ஒருவராகத் தொப்பென்று விழுந்தோம். அக்கா "ஐயோ என் முட்டி" என்கிறாள், அவர் "ஐயோ என் இடுப்பு" என்கிறார், எனக்கு அடக்க முடியாமல் சிரிப்பு வந்துவிட்டது. என்னைப் பார்த்து அவர் சிரித்தார். அவர் வயிறு குலுங்குவதைப் பார்த்து அக்கா சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டு கிடந்தபோது பார்க்கிறேன், பவுனு வந்து எங்கள் தலைமாட்டில் நிற்கிறது. மூன்று பெரிய மனிதர்கள் தரையோடு தரையாகக் கிடக்கிறார்கள், ஒரு கையும் உயரத்தில் இல்லை. அதற்கு என்ன பயம்? ஒவ்வொருவராக மோந்து பார்த்தது. அக்காவின் நெற்றியை நக்கியது. பிறகு வீட்டுக்காரரின் வயிற்றின்மேல் தலையை வைத்து, ஒரு பெருமூச்சு விட்டுக் கண்ணை மூடிக்கொண்டது.

அவர் சிரிப்பை அப்படியே அடக்கிக்கொண்டார். வயிறு ஆடக்கூடாதென்று மூச்சைக்கூட மெதுவாக விட்டார். கொஞ்சம் கழித்துக் கிசுகிசுப்பாக, "இப்ப நான் எழுந்தா இது முழிச்சிக்குமா டீச்சர்?" என்றார். அதற்குக் காது கேட்காது, கிசுகிசுக்க வேண்டியதில்லை என்று நாங்கள் சொல்லவில்லை. "முழிச்சிக்கும் சார்" என்றாள் அக்கா. "அப்ப இருக்கட்டும், கொஞ்ச நேரம் தூங்கட்டும்." மறுபடி யோசித்து, "வீடு ஏதாவது பேசி முடிச்சிட்டீங்களா?" என்று கேட்டார். யாரும் தரவில்லை என்றேன். "நல்லவேளை" என்றார். பொங்கலுக்கு மகள் வந்ததும் "கையைக் கீழ வை, கையைக் கீழ வை" என்று மாடிக்கும் கீழுக்கும் அவர் போட்ட சத்தத்தில் பெரிய பிள்ளைகள் மிரண்டுபோய்விட்டார்கள். தவழ்கிற குழந்தைக்கு மட்டும் எந்தச் சிக்கலும் இல்லை. அதுவும் பவுனும் ஒரே உயரம்.

இதை எழுதுகிற இந்த நேரத்தில் பவுனு என் நாற்காலிக்குக் கீழே குறட்டை விட்டுக்கொண்டிருக்கிறது. மூக்கில் இருந்த நரை நெற்றி வரைக்கும் ஏறிவிட்டது. இப்போதெல்லாம் தெருவில் எந்தப் பாஷைக்காரர் வந்தாலும் முதலில் குனிந்து உள்ளங்கையைக் காட்டிவிட்டுத்தான் பேச்சை ஆரம்பிக்கிறார். நானும் ஓய்வு பெற்றுவிட்டேன். யாராவது வந்து பவுனின் கதையைக் கேட்டால் நான் கிறிஸ்மஸ் தாத்தாவைக் கடித்ததைச் சொல்லிச் சிரிக்க வைப்பேன். ஆனால் எனக்குள் நான் நினைத்துக்கொள்வது வேறு ஒரு காலை.

அக்காவுக்கு முட்டி ஆபரேஷன் ஆன சமயம் அது. தரையில் உட்கார்ந்து உட்கார்ந்து மிச்சமிருந்ததையும் தேய்த்துக்கொண்டாள் என்று டாக்டரிடம் நல்ல திட்டு. அவள் ஆஸ்பத்திரியில் இருந்த நாளெல்லாம் பவுனு வாசல் கேட்டருகிலேயே படுத்துக் கிடந்தது. நான் தரையைத் தட்டினால் வரும், எனக்காக இரண்டு வாய் சாப்பிடும், திரும்ப கேட்டுக்குப் போய்விடும். எங்கே போனாள், எப்போது வருவாள் என்று அதற்குச் சொல்ல என்னிடம் சைகை இல்லை. அக்காவை வீட்டுக்காரர் காரில் கூட்டி வருகிற அன்று நான் பவுனை நடத்திக்கொண்டு போய்த் தெருமுனையிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தேன். தூரத்தில் வாசலில் கார் நிற்பது தெரிந்தது. வீட்டுக்காரர் கதவைப் பிடித்துக்கொண்டிருக்க, அக்கா வாக்கரை ஊன்றி இறங்கினாள். எங்களைப் பார்த்தாள். பார்த்த சந்தோஷத்தில் அவளுக்கு எல்லாம் மறந்துவிட்டது. மைதானத்தின் அந்தக் கோடியில் நிற்கிற பிள்ளையைக் கூப்பிடுகிற மாதிரி வலது கையை நேராக, முழுசாக, தலைக்கு மேலே தூக்கிவிட்டாள்.

வீட்டுக்காரர் அங்கிருந்து, "டீச்சர், கை! கை!" என்று அலறுகிறார். பவுனு நின்றது. காதை மடக்கிக்கொண்டது. உயர்ந்த அந்தக் கையைப் பார்த்தது. இப்போது படுத்துவிடும், கண்ணை மூடிக்கொள்ளும், இவ்வளவு நாள் செய்ததெல்லாம் போயிற்று என்று நினைத்தேன். என் கையிலிருந்த வார் வெடுக்கென்று இழுபட்டு நழுவியது. அந்தக் கிழட்டு நாய், அவ்வளவு வேகம் அதனிடம் இருக்கும் என்று யார் நினைத்தார்கள், தெரு முழுக்க ஓடியது. அந்தக் கையைப் பார்த்தபடியே, அந்தக் கையை நோக்கியே ஓடியது. போய் அக்காவின் புதுக் காலில் மோதாமல், வாக்கரோடு உரசி நின்று, தலையைத் தூக்கி மேலே பார்த்தது. நான் மூச்சு வாங்க ஓடிப் போய்ப் பார்த்தேன். அக்கா அழுதுகொண்டிருந்தாள். கை இன்னும் மேலேயே இருந்தது.

"இறக்கவா வேணாமாடி?" என்று என்னைக் கேட்டாள்.